தெரிந்தே வைத்த ரியாக்‌ஷன்

சரியாகச் சொல்லிவிடுவேனா என்றுதான் பயமாக இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சொல்வார், "உன்கிட்ட ஒரு விஷயம் கேட்டா, வாலைப் பிடிச்சுக்கிட்டு மாட்டைத் தேடணும்" என்று. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லி, நான் சொல்லப்போகிற பெண்ணை நீங்கள் தப்பாக நினைத்துவிட்டால் என்ன செய்வது? அவள் நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எப்படி உளறினாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஜன்னல் ஷட்டரை ஒரு சாண் தூக்கிவிடுங்களேன். தூறல்தானே. மழையில் பஸ் முழுக்க முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருக்கிற இவளுக்கு மட்டும் ஏன் இப்படிக் கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது என்று பார்த்தீர்கள் அல்லவா? பார்த்தீர்கள், பார்த்தீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் காலேஜில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்க்கிறேன். கான்ட்ராக்ட்தான். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட். அங்கே கடைசி அறைக்கு ஒரு மெஷின் வந்தது. வெளியூரில் ஏதோ பெரிய ஆராய்ச்சி இடமாம், அங்கிருந்து இரவலாகக் கொடுத்திருந்தார்கள். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ரைஸ்மில்லில் தவிட்டு டின் இருக்குமே, அந்த மாதிரி ஒரு உருளை, பக்கத்தில் ஒரு பம்பு, நூல் மாதிரி குழாய்கள், ஒரு கம்ப்யூட்டர். அதற்காகவே ஏசி போட்டு, ஜன்னலைத் தெர்மோகோல் அட்டையால் அடைத்துவிட்டார்கள். அட்டை மேல் ஏதோ இங்கிலீஷில் எழுதி ஒட்டியிருந்தது. நான் ஆறாவது வரைதான். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். முக்கியமானதாக இருந்தால் தமிழில் எழுதியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவள் ஜெசிந்தா. டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற பெண். தூத்துக்குடிப் பக்கம். என்னை மயிலக்கா, மயிலக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். மற்றவர்கள் "ஏம்மா, இங்க வா" என்பார்கள். அவள் ஒருத்திதான் பெயர் சொல்லுவாள்.

நான்தான் கேட்டேன். "இது என்னம்மா பண்ணும்?"

"சூட்டை அளக்கும்க்கா."

"காய்ச்சல் மாதிரியா?"

"அதைவிட ரொம்ப ரொம்பச் சின்னச் சூடு. ஒரு மாத்திரை டப்பாவுக்குள்ள சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டுப்போகுதுல்ல, அப்ப வர்ற சூடுகூட இதுக்குத் தெரிஞ்சிடும். கையில பட்டா நமக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்."

மனிதருக்குத் தெரியாதது ஒரு டின்னுக்குத் தெரிகிறது என்றால் அது நல்லதா?

பிறகு ஒருநாள் காலையில் நான் துடைப்பத்தோடு உள்ளே போகிறேன், இவள் கையுறை மாட்டிக்கொண்டு பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே சிரிக்கிறாள். "மயிலக்கா, இன்னையில இருந்து டெஸ்ட் ரியாக்‌ஷன் ஓட்டப் போறேன். வேண்டிக்கோங்க."

டெஸ்ட் ரியாக்‌ஷன்!

உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றும். எங்கள் சின்னம்மா எப்படிச் செத்தாள் தெரியுமா? நெஞ்சுச் சளி என்று ஒரு கம்பவுண்டர் ஊசி போட்டான். டெஸ்ட் போட்டுப் பார்க்கவில்லை. கையில் கொஞ்சூண்டு குத்தி, வட்டம் போட்டு, தடிக்கிறதா என்று பார்ப்பார்களே, அது. அதைச் செய்யாமல் ஊசியைப் போட்டான். ரியாக்‌ஷன் ஆகிவிட்டது. உடம்பெல்லாம் எரிகிறது, எரிகிறது, விசிறுங்கள் விசிறுங்கள் என்றுதான் கடைசியாகச் சொன்னாள். நான் பாயைச் சுருட்டி விசிறினேன். அதிலிருந்து அந்த வார்த்தையை யாராவது சொன்னால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். இவள் அதை வேண்டிக்கொள்ளச் சொல்கிறாள்.

"யாருக்கும்மா ரியாக்‌ஷன்?" என்றேன்.

"மெஷினுக்குத்தான்க்கா."

"ஆயிடுச்சுன்னா?"

"ஆகணும்க்கா! ஆகலைன்னாத்தான் பிரச்சினை. அதுவும் தெனமும் ஒரே மாதிரி ஆகணும்."

கேட்டீர்களா பேச்சை?

நான் முகம் வெளுத்து நின்றதைப் பார்த்துவிட்டு உட்கார்த்தி வைத்துச் சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள், குறை சொல்லக் கூடாது. மெஷினுக்குள்ளே ஒரு சின்ன இடம் இருக்கிறதாம். கரைசல் அது வழியாக ஓடிக்கொண்டே இருக்குமாம். ஓடும்போது வருகிற சூட்டை மெஷின் பிடித்துச் சொல்லுமாம். ஆனால் ஓடுகிற தண்ணீர் சும்மா போகுமா? கொஞ்சம் சூட்டையும் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுமாம். அதனால் மெஷின் சொல்வது முழுக் கணக்கு இல்லை. "கடையில தராசு சரியான்னு பார்க்க, எடை தெரிஞ்ச படிக்கல்லை வைச்சுப் பார்ப்பாங்கல்ல? அது மாதிரிக்கா. எவ்வளவு சூடு வரும்னு எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிஞ்ச ரியாக்‌ஷன் இது. இதை ஓட்டிப் பார்த்தா, மெஷின் எவ்வளவைப் பிடிக்குது, எவ்வளவை விடுதுன்னு தெரிஞ்சிடும்."

"என்ன மருந்தும்மா?"

"மருந்துகூட இல்ல. நீங்க முகத்துக்குப் போடுற க்ரீம்ல, பாட்டில் ஊறுகாயில எல்லாம் கெடாம இருக்கப் போடுற பவுடர்தான். அதைக் காஸ்டிக் சோடாத் தண்ணியில விடுறேன்."

அன்றைக்கே க்ரீம் டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் போட்டேன். ஊறுகாயும் போச்சு. எங்கள் வீட்டுக்காரர் பழைய சோற்றை வைத்துக்கொண்டு, "இதுக்கு நான் யாரைத் தொட்டுக்கறது?" என்று கத்தினார். கத்தட்டும். உயிரோடு இருந்தால்தானே கத்த முடியும்.

இதற்குள் பாருங்கள், எனக்கு ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஒருநாள் அந்த அறையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது. ஏசி ஓடுகிறது, கைகால் எல்லாம் ஜில்லென்று இருக்கிறது, திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை வரைக்கும் ஏறுகிறது. யாரோ உள்ளே அடுப்பு மூட்டின மாதிரி. ரவிக்கை நனைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவே இறங்கி, குளிர்கிறது. அப்புறம் தினமும். பாத்திரம் தேய்க்கும்போது, ரேஷன் கடையில் நிற்கும்போது, இப்படிப் பஸ்ஸில்.

என்ன வயது என்றா கேட்கிறீர்கள்? நாற்பத்தொன்பது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

அதுவா... கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள், முன்னால் ஆம்பளை உட்கார்ந்திருக்கிறார். அது ஒழுங்காக வருவதில்லை. ஒரு மாதம் வருகிறது, இரண்டு மாதம் ஆளைக் காணோம். அதுவும் எப்போதிலிருந்து என்று நினைக்கிறீர்கள்? அந்த மெஷின் வந்ததிலிருந்துதான்! பார்த்தீர்களா? நீங்களே கேட்டு நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

இருங்கள், இருங்கள், முழுதாகச் சொல்லிவிடுகிறேன். நடுவில் விட்டால் எனக்கு மறந்துவிடும்.

மெஷினிலிருந்து வெளியே வருகிற தண்ணீர் ஒரு கேனில் சேரும். ஒருநாள் அதை அவள் எடுத்து வைக்கும்போது, கேனின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடே இல்லை. பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. "சூடு எங்கம்மா போச்சு?" என்றேன். "கொஞ்சத்தை மெஷின் பிடிச்சிருச்சு, மிச்சம் வெளிய போயிருச்சுக்கா" என்கிறாள் சாதாரணமாக. வெளியே என்றால் எங்கே? கதவு மூடியிருக்கிறது, ஜன்னல் அடைத்திருக்கிறது. அந்த அறையில் மெஷினை விட்டால் இருந்தது நான்தானே? அவள் சின்னப் பெண், ரத்தம் தாங்கும். மிச்சச் சூடு யார் மேல் இறங்கும்?

சூப்பர்வைசர் பரமேஸ்வரியிடம் சொன்னேன். அவளுக்கு வாய் அதிகம். "உனக்கு ரியாக்‌ஷனா? உன்னைத் தொட்டா அந்த மெஷினுக்குத்தான் ரியாக்‌ஷன் ஆகும். போ, போய் வராந்தாவைத் துடை" என்றாள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு சொன்னாள், அவர்களும் சிரித்தார்கள்.

சரி, நம் உயிரை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜெசிந்தா விடிந்ததும் வந்து மெஷினை ஓட விட்டுவிட்டு, ஹாஸ்டலுக்குச் சாப்பிடப் போவாள். அந்த நேரம்தான் நான் உள்ளே பெருக்குவது. தெர்மோகோல் அட்டையை மெல்லக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, ஜன்னலை இரண்டு பக்கமும் நன்றாகத் திறந்து வைத்தேன். வெயில் உள்ளே வந்து விழும். காற்று வரும். அடடா, நெஞ்சு திறந்த மாதிரி இருக்கும். மெஷினுக்கும் நல்லதுதானே? அவள் செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டதும் மூடி, அட்டையைப் பொருத்திவிடுவேன். மறைத்துச் செய்யவேண்டும் என்று இல்லை. படித்த பிள்ளைகளிடம் காற்றைப் பற்றிப் பேச முடியாது, அதனால்.

இப்போது அவள் கதைக்கு வருகிறேன். பாவம், அவளுக்கு ஒன்றும் சரியாக வரவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஓடும். அது அமைதியாக, ஒரே அளவாகப் போக வேண்டுமாம். தினமும் அதே அளவு வந்தால்தான் மெஷினை நம்பலாம், அவள் எழுதினதை நம்பலாம். ஆனால் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் கோடு ஒட்டகம் மாதிரி முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தினமும் காலையில். "பாருங்கக்கா, மெஷினுக்கும் காலையில காய்ச்சல் வருது" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. எனக்கும் காலையில்தானே வருகிறது!

பம்புக் குழாயை மாற்றினாள். காற்றுக் குமிழி இருக்குமோ என்று தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினாள். பவுடரை மாற்றினாள். ஒட்டகம் போகவில்லை. ஒருநாள் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். தோளைத் தொடவும் எனக்குப் பயம், அவள் மேலிருந்து எனக்கு வந்துவிட்டால்? தள்ளி நின்றே, "அழாதம்மா" என்றேன்.

அவளுடைய புரொபசர் குணாளன் சார். அவர் வராந்தாவிலேயே கத்துவார். "உள்ள இருக்குற கரண்ட் ஹீட்டரை வைச்சுச் சரிபார்த்தா போதும்னு மெஷின் புஸ்தகத்துலயே இருக்கு. அந்த நம்பரைப் போட்டுட்டுப் போவியா, இதைப் பிடிச்சுத் தொங்குறியே?"

"சார், ஹீட்டர் ஒரே இடத்துல நின்னு சுடுது. நம்ம கரைசல் ஓடிக்கிட்டே சுடுது. ஓடுறதை வைச்சுத்தானே சார் ஓடுறதை அளக்க முடியும்?"

"அப்ப ஏன் உனக்கு ஒழுங்கா வரல? கவனம் இல்ல. மெஷின் குடுத்தவங்க வந்து பார்க்கப் போறாங்க. இந்தக் கோணல் கோட்டைக் காட்டினா மெஷினை வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீயும் உன் ஊருக்கு வண்டி ஏறு."

அவளுடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்துப் படிக்க வைக்கிறார், ஊருக்கு எந்த முகத்தோடு போவாள்? அன்றைக்கு நான் ஜன்னலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைத்தேன். அவளுக்காகவும்தான். என்னால் முடிந்தது அது.

அப்புறம் அவள் சாப்பிடப் போவதை விட்டுவிட்டாள். யாரிடமோ இட்லி வாங்கிவரச் சொல்லி, வாசற்படியில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டு தின்றாள். "நேத்துல இருந்து கோடு நேராப் போகுதுக்கா. நான் கூட இருந்தா இதுக்குத் தைரியமா இருக்கு போல" என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்களே யோசியுங்கள். யாருமில்லாதபோது ஒட்டகம். இவள் இருந்தால் நேர்க்கோடு. அப்படியென்றால் அந்தச் சூட்டை எல்லாம் யார் வாங்கிக்கொள்கிறார்கள்?

"வெளிய போய் நடந்துட்டு வாம்மா, நான் பார்த்துக்கறேன்" என்று கெஞ்சினேன். "வேண்டாம்க்கா, நகர மாட்டேன்." ஜன்னலைத் திறக்க வழியில்லை. எனக்கு உள்ளே நின்றாலே தலை சுற்ற ஆரம்பித்தது. மெஷின் கொடுத்த பெரியவர்கள் வருகிற வாரம் நெருங்கிவிட்டது, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓட்டப் போகிறார்களாம். என்னால் முடியாது என்று, பரமேஸ்வரிக்குப் போன் போட்டு, "வீட்டுல அம்மா வந்திருக்கா, மஞ்சத்தண்ணி ஊத்தற வரைக்கும் வர முடியாது" என்று சொல்லிவிட்டேன். அம்மை என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலையும் செருகினேன், யாராவது வந்து பார்த்தால்? மாரியம்மா மன்னிக்கட்டும். அவளுக்குத் தெரியாத சூடா?

திரும்பி வேலைக்குப் போனால் ஜெசிந்தா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் அப்படியே மலர்ந்து கிடக்கிறது. "மயிலக்கா, வந்துருச்சு! அவங்க முன்னாடியே ஓட்டினேன். திரும்பத் திரும்ப ஓட்டினேன். அச்சுல வார்த்த மாதிரி அதே அளவு. மெஷினை இன்னொரு வருஷம் வைச்சுக்கோங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." கேக் வாங்கி எனக்காக எடுத்து வைத்திருந்தாள். நான் தின்றேன். தின்ற பிறகுதான், அதில் அந்தப் பவுடர் இருக்குமோ என்று நினைத்தேன்.

மறுநாள் காலை நிம்மதியாக ஹாஸ்டலுக்குச் சாப்பிடப் போனாள். நானும் நிம்மதியாக ஜன்னலைத் திறந்தேன்.

வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஒட்டகம்.

கத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தை இல்லை, என் சேலையை. "அக்கா, உங்க முந்தானையில என்ன வெள்ளை வெள்ளையா?" குனிந்து பார்த்தேன். தெர்மோகோல் உருண்டைகள். தலைமுடியில் ஈர் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"மயிலக்கா, அந்த ஜன்னலைத் திறப்பீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"தெனமும்தான். நீ சாப்பிடப் போறப்ப. காத்து வேணாமா ரெண்டு பேருக்கும்?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், நிற்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். தலைக்கு ஏறிவிட்டது, ரியாக்‌ஷன் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, பாய் இல்லாததால் அவள் ஃபைலை எடுத்து விசிறினேன். அதற்கும் சிரிக்கிறாள்.

"ஏன்க்கா திறந்தீங்க?" என்று கடைசியில் கேட்டாள். நெஞ்சிலிருந்து சூடு ஏறுவதைச் சொன்னேன். சின்னம்மாவைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது மெஷினால இல்லக்கா. லேடி டாக்டரைப் பாருங்க. எங்க அம்மாவுக்கும் இதே மாதிரிதான் இருக்கு" என்றாள்.

அவளுடைய அம்மா ஒரே ஒரு தடவைதான் அங்கே வந்திருக்கிறாள். மகள் வேலை பார்க்கிற இடம் என்று அந்த அறையில் சும்மா நின்றுவிட்டுப் போனாள். அந்த அம்மாவையும் விடவில்லை பாருங்கள்.

அப்போது குணாளன் சார் வந்துவிட்டார். நான் வாளியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "மறுபடியும் கோணலா? என்ன பண்ணித் தொலைச்ச?" என்கிறார். இவள் சொல்கிறாள், "சாரி சார். ஏசியை நான்தான் அணைச்சு வைச்சுட்டேன். முன்னாடியும் அப்படித்தான் ஆகியிருக்கும். என் தப்புதான் சார்." அவர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார். கவனம் இல்லாதவள், ஆராய்ச்சிக்கு லாயக்கு இல்லாதவள் என்றெல்லாம் சொன்னார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றாள். ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் போன பிறகு என்னிடம் வந்து, "அக்கா, இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. பரமேஸ்வரிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். இனிமே திறக்க மாட்டேன்னு மட்டும் எனக்குச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

செய்தேன். கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லை. ஏசியை அவள் அணைக்கவே இல்லை, எனக்குத் தெரியாதா? ஏன் பொய் சொன்னாள்? மெஷினில் அப்படி என்ன இருக்கிறது, இவ்வளவு திட்டு வாங்கிக்கொண்டு மறைக்கிறாள்? நல்ல பெண். நல்ல பெண்ணையே பொய் சொல்ல வைத்துவிட்டதே அது.

என்னம்மா, நீங்களும் லேடி டாக்டர் என்கிறீர்கள்? அதே வார்த்தை. நீங்கள் எப்போதாவது அந்தக் காலேஜ் பக்கம் வந்திருக்கிறீர்களா? சும்மாதான் கேட்டேன்.

யாரோ பின்னால் சாரல் அடிக்கிறது என்கிறார்கள். அடிக்கட்டும். நான் இறங்குகிற இடம் வரப்போகிறது.

கடைசியில் என்ன செய்தேன் என்றால், பரமேஸ்வரி காலில் விழாத குறையாகக் கேட்டு, கணக்கு டிபார்ட்மென்டுக்கு மாற்றிக்கொண்டேன். அங்கே கரும்பலகையும் சாக்பீஸும்தான். ஒன்றும் ஓடாது, ஒன்றும் சுடாது. இன்னும் வேர்க்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை நாள் உள்ளே இறங்கினது சட்டென்று போய்விடுமா? எல்லா ஜன்னலையும் திறந்து போட்டுவிடுகிறேன், யாரும் கேட்பதில்லை.

என் இடத்துக்கு இருதயமேரி என்று ஒருத்தி வந்திருக்கிறாள். எனக்கும் மூத்தவள், பாவம், ஏற்கெனவே ரத்தக்கொதிப்பு. அவளையும் அந்தப் பிள்ளையையும் அப்படியே விட்டுவிட்டு வர மனசு வருமா? சத்தியம் செய்தவள் நான், நான் தொடக் கூடாது. அதனால் அவளைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் காலையில் சாப்பிடப் போனதும் அட்டையைக் கழற்று, இரண்டு கதவையும் திற, செருப்புச் சத்தம் கேட்டதும் மூடு என்று.

சேலையை மட்டும் நன்றாக உதறிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.